ஏகாம்பரத்தின் அம்மாவாக உட்கார்ந்திருந்தேன்

தீம் பார்க் வேலை என்பது அடுத்தவர் குடும்பம் சிரிப்பதற்காக நம் தலை வெயிலில் காய்வது. கடைவாசலிலும் டிக்கெட் ஜன்னலிலும் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேச்சு வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"ஒரே ஒரு படத்த நம்பி இம்மாம் பெரிய எடத்த வளைக்கிறாங்களே, படம் ஊத்திக்கினா இன்னா பண்ணுவாங்க, யம்மா?" என்று என்னிடம் முதலில் கேட்டவர் ராட்டினம் ஓட்டும் தணிகாசலம் அண்ணன். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், அவருடைய குதிரை ராட்டினத்தை ஃபிட்டர்கள் போல்ட் போல்ட்டாகக் கழற்றிக்கொண்டிருந்த காலையில் கேட்டார். விடியற்காலையில் மாதா கோயில் பூசை, பிள்ளைகளுக்குச் சோறு, மேனாம்பேட்டிலிருந்து நடந்து வந்து பூந்தமல்லி பஸ் பிடிப்பது, வந்ததும் டிக்கெட் கிழிப்பது என்று எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதலாளிகள் யோசிக்க வேண்டியதை நான் யோசிப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

குதிரைகள் கொட்டகைக்குப் போயின

எங்கள் பார்க் பூந்தமல்லி தாண்டி டிரங்க் ரோட்டு ஓரத்தில் இருந்தது. பெரிய பார்க் என்று சொல்ல முடியாது. ஒரு ஜெயண்ட் வீல், ஒரு குட்டி ரயில், சறுக்குமரம், நடுவில் தணிகாசலம் அண்ணனின் ராட்டினம். சின்ன முதலாளி வெளிநாடு போய்விட்டு வந்தார். அங்கே ஒரே ஒரு சினிமாவுக்காக ஊர் மாதிரியே ஒரு இடத்தைக் கட்டி வைத்திருக்கிறார்களாம், ஜனங்கள் வரிசையில் நின்று உள்ளே போகிறார்களாம். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே அப்போது 'புயல் ஏகாம்பரம்' என்ற படம் இரண்டு பாகமும் சக்கைப்போடு போட்டிருந்தது. மூன்றாம் பாகத்துக்கு ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. உடனே பாதி பார்க்கை வளைத்து 'ஏகாம்பரம் பேட்டை' எழும்பியது. வாசலில் கையை ஓங்கிய ஏகாம்பரம் சிலை, உள்ளே அவன் அடிதடி செய்த சந்தை, அவன் குதித்த கிணறு, கடைசியில் அவன் அம்மாவின் குடிசை. குதிரைகளுக்கு இடம் இல்லை. கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள்.

படத்தில் அந்த அம்மா விதவை. வெள்ளைப் புடவையில் வாசற்படியில் உட்கார்ந்து மகனுக்காகக் காத்துக்கொண்டே இருப்பாள். அவன் சண்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு சொம்பு கூழ் ஊற்றிக் கொடுப்பாள். அவன் அதைக் குடித்துவிட்டுப் போய்த்தான் பத்துப் பேரைத் தூக்கி எறிவான். அந்த அம்மாவாகக் குடிசையில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜர் சார் எங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். என் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். "சார், எனக்கு நடிப்பெல்லாம் வராது" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணும் நடிக்க வேணாம் ஆரோக்கியம்மா, உங்க மூஞ்சியில ஏற்கெனவே மூணு புள்ளைங்க கவலை கீது, மேக்கப் கூட வேணாம்."

வெள்ளைப் புடவை

புடவையைக் கொடுத்தபோது மேனேஜர் சார் சட்டதிட்டங்களும் சொன்னார். வளையல் கூடாது. வாசற்படியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது, ஏனென்றால் மகன் இன்னும் வரவில்லை. நான் கொண்டுபோயிருந்த தண்ணீர் பாட்டிலை மெல்ல எடுத்துக் காட்டி, தாகம் எடுத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் பதறிப்போய் அதைப் பிடுங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். "ஏகாம்பரத்தோட அம்மா பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி குடிப்பாங்களா?" என்றார். சரி, மண் சொம்பில் குடிக்கலாமா என்றேன். படத்தில் அந்த அம்மா மகன் வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்கிறாளாம். மகனோ சாயங்காலம் பார்க் மூடுகிற வரையில் வரப்போவதில்லை.

வீட்டுக்காரர் சூசைக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. முதல் நாள் சாயங்காலம் புடவையை மாற்ற நேரமில்லாமல் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவன், "ஐயோ, பஸ்ல அப்படியேவா வந்தே?" என்று தலையில் கைவைத்தான். இவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து நிமிர்ந்து, மேலும் கீழும் பார்த்து, நிதானமாகச் சொன்னார்: "நான் இன்னும் ரெண்டு தோசை துன்னுட்டுப் போறேன், கொஞ்சம் பொறுத்துக்க."

சொம்பு நிறையக் கூழ்

குடிசைக்குப் பின்புறம் நிஜமான கூழ் காய்ச்சினாள் வள்ளி. கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து, நொய்யரிசி போட்டு, மோரும் சின்ன வெங்காயமும் கலந்து அவள் கொடுக்கிற கூழுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. வள்ளியின் புருஷன் எங்கேயோ போனவன் போனவன்தான். ரெண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அதுவரை சித்தாள் வேலை செய்து இடுப்பு போயிருந்தது. ஒருநாள் முழுக்கச் செங்கல் தூக்கினால் மறுநாள் முழுக்கப் படுத்திருக்க வேண்டும். "நெழல்ல உக்காந்து செய்யற வேலை எனக்கு இதான்கா மொதல்" என்று அவள் சொன்னதிலிருந்து, ஜெபமாலையில் என் பிள்ளைகளுக்கு அடுத்தபடி அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

வள்ளி பானையில் கொண்டுவந்து வைப்பாள், நான் சொம்பில் ஊற்றிக் கொடுப்பேன். கொஞ்ச நாளிலேயே ஜனங்கள் அதைக் கோயில் பிரசாதம் ஆக்கிவிட்டார்கள். பேட்டை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள். சிலைக்குச் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, பிறகு குடிசைக்கு வந்து ரெண்டு கையையும் நீட்டுவார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளை, இன்டர்வியூவுக்குப் போகும் பையன், எல்லாருக்கும் கூழ். ஒருநாள் நல்ல வாட்டசாட்டமான ஒருத்தர் வந்தார். ஒரு சொம்பு குடித்தார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதையும் மடமடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். எங்கே அய்யா சண்டை என்று கேட்டேன். அவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "பொண்டாட்டி கோச்சிகினு அம்மா ஊட்டுக்குப் பூட்டா, இட்டாறத்துக்குப் போறேன், மாமியார் இருக்காங்கோ, இன்னொரு சொம்பு ஊத்து தாயே."

கண்ணைத் திறக்காத நடிப்பு

நாள் முழுக்கப் படியில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் முந்தானைக்குள் ஜெபமாலையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு மணியாக உருட்டிக்கொண்டிருப்பேன். பெரியவனுக்கு வேலை, மகளுக்கு நல்ல இடம், சின்னவனுக்குப் புத்தி, வள்ளிக்கு இடுப்பு. உதடு அசையும், சில சமயம் கண்ணில் நீரும் வந்துவிடும். எதிரே காலேஜ் பையன்கள் வந்து நின்றுகொண்டு, "இன்னா ஆக்டிங்டா மச்சான்! புள்ள வரலைன்னு எப்டி உருகுது பாரு!" என்பார்கள். மேனேஜர் சார் அதைக் கேட்டுவிட்டு, மற்றவர்களையும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். ஐம்பத்து மூன்று மணி ஜெபத்துக்கு இப்படி ஒரு பலன் உண்டென்று ஃபாதர்கூடச் சொன்னதில்லை.

இதில் ஒரு சிக்கல் வந்தது. ஆசீர்வாதம் கேட்டுத் தலை குனிகிறவர்களை நான் என்ன செய்வேன்? வீட்டில் பிள்ளைகள் வெளியே கிளம்பும்போது பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது வழக்கம். கை தானாகப் போய் அதையே செய்துவிட்டது. ஒருநாள் ரெண்டு வாத்தியார் மாதிரியான ரசிகர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். சிலைக்கு எதிரே நின்று பெரிய வாக்குவாதம். "இன்னாய்யா, அம்மா சிலுவை போடுது? ஏகாம்பரம் மாரியாத்தா கோயில்லதானே சபதம் எடுத்தான்?" என்றான் ஒருவன். நான் பயந்துபோய்க் கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று மாதாவைக் கூப்பிட்டேன். மற்றவன் கொஞ்ச நேரம் தாடையைத் தடவி யோசித்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன் போலத் தீர்த்துவைத்தான்: "அவசரப்படாத மாமே, அதெல்லாம் மூணாவது பார்ட்ல வெச்சிருப்பாங்க."

மாலை போட்ட தணிகாசலம்

படத்தில் ஏகாம்பரத்தின் அப்பா செத்துப்போனவர். குடிசைச் சுவரில் மாலை போட்ட போட்டோ இருக்க வேண்டும். படக் கம்பெனிக்காரர்கள் போட்டோ தராமல் இழுத்தடித்தார்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மேனேஜர் சார் ஆபீஸில் தேடிப் பார்த்து, தணிகாசலம் அண்ணனின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கி, மாலை போட்டு, ஊதுவத்தியும் ஏற்றிவிட்டார். அண்ணன் உயிரோடு ஐம்பதடி தள்ளி மாட்டுவண்டி ரைடு ஓட்டிக்கொண்டிருந்தார். ராட்டினம் போன பிறகு அவருக்கு அதுதான் வேலை. இரும்பு மாடு, கரண்டு வண்டி. அவர் மனைவி விஷயம் தெரிந்து பார்க்குக்கே வந்து, என் கழுத்துத் தாலிக்குப் பதில் சொல்லு என்று மேனேஜர் சாரை ஆபீஸுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அண்ணன்தான் சமாதானம் செய்தார். "வுடு புள்ள, ஊட்ல இல்லாத மரியாதை எனக்கு இங்க கெடைக்குது. தெனம் புதுப் பூ."

தினமும் நாள் முழுக்க அவர் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்ததில் எனக்கே சில சமயம் குழப்பம் வரும். டீ குடிக்க அவர் குடிசைப் பக்கம் வரும்போது, ஏற்றிய ஊதுவத்தியை அணைத்துவிட்டுப் பேசுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டியிலிருந்து இறங்கிய ஒரு பையன் நேராகக் குடிசைக்கு வந்தான். சுவரைப் பார்த்தான். திரும்பி வண்டியைப் பார்த்தான். மறுபடி சுவர். முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நிமிஷம் தன் கூட்டாளிகளை நோக்கிக் கத்திக்கொண்டு ஓடினான்: "டேய், அப்பா சாவலடா! வேஷம் மாத்தி மாட்டுவண்டி ஓட்டிகினு கீறாரு! மூணாவது பார்ட்டு கதை தெரிஞ்சிபோச்சு!"

பூசைக் கருத்து

எல்லாமே மூன்றாவது பாகத்தில் வந்து நின்றது. படம் ஓடினால் பேட்டையை இன்னும் பெரிசாக்குவார்கள், ஓடாவிட்டால் ஆளைக் குறைப்பார்கள் என்று பேச்சு வந்தது. குறைப்பது என்றால் முதலில் கூழ்தான். பானை, விறகு, மோர் என்று தினமும் செலவு அதற்குத்தானே. எனக்காவது சூசை இருக்கிறார், பெரியவனும் வேலை தேடிக்கொண்டிருந்தான். வள்ளிக்கு மறுபடி செங்கல்தான். அவள் மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். என்னையும் ஏதாவது செய்யச் சொன்னாள். "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வை அக்கா, எந்தப் பக்கத்துலேர்ந்து வருமோ யாரு கண்டா?"

எங்கள் கோயிலில் பூசைக்குக் கருத்துக் கொடுக்கலாம், அதாவது இன்ன வேண்டுதலுக்காகப் பூசை வைக்கச் சொல்லலாம். உடல்நலம் வேண்டி, கல்யாணம் வேண்டி, இறந்தவர் ஆன்மா இளைப்பாற வேண்டி என்று கொடுப்போம். ஒரு சினிமா ஓட வேண்டும் என்று கொடுத்தால் பாவமா? ரெண்டு வாரம் தயங்கிவிட்டு, பூசை முடிந்ததும் ஃபாதர் உடை மாற்றும் சாக்ரிஸ்டி அறை வாசலில் அவரைப் பிடித்து, தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ஒரு குடும்பத்தின் பிழைப்புக்காகன்னு போட்டுக்கலாம்மா, தப்பில்ல" என்றார். நான் நன்றி சொல்லித் திரும்பும்போது பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி மேலும் சொன்னார்: "ரெண்டாவது பார்ட்ல அந்தக் கிணத்துக்குள்ள வுழுந்தவன் செத்தானா இல்லியான்னு எனக்கே ஒரே யோசனைம்மா, வந்ததும் பாத்துட்டு சொல்லு."

படம் வந்தது

ஒரு வெள்ளிக்கிழமை படம் வந்தது. சனிக்கிழமை காலை நான் வழக்கம்போல வெள்ளைப் புடவை கட்டி, படியில் உட்கார்ந்தேன். முதலில் வந்த அம்மாள் எப்போதும் தன் பேரக் குழந்தையை என் மடியில் உட்காரவைக்கிறவர். அன்று என்னைப் பார்த்ததும் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். ஒருத்தர் காறித் துப்பினார். "பெத்த புள்ளன்னு சொல்லி வளத்தியே, மனசு எப்டி வந்துச்சு?" என்று ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் திருதிருவென்று விழித்தேன். ஒரு காலேஜ் பையன்தான் இரக்கப்பட்டுக் கதையைச் சொன்னான். மூன்றாம் பாகத்தில் அந்த அம்மா அம்மாவே இல்லையாம். வில்லனின் தங்கையாம். பழிவாங்கக் குழந்தையைத் திருடிவந்து வளர்த்தாளாம். கடைசிச் சண்டைக்கு முன்னால் ஏகாம்பரத்துக்குக் கூழில் விஷம் கலந்து கொடுத்துவிட்டாளாம்.

வேறு எதில் கலந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். டீயில் கலந்திருக்கக் கூடாதா? வள்ளி பொங்கப் பொங்கக் கொண்டுவந்த பானையைப் பார்த்து ஜனங்கள் ரெண்டு அடி பின்னால் போனார்கள். சாயங்காலம் வரைக்கும் ஒரு சொம்பு போகவில்லை. பானையில் ஏடு படிந்துவிட்டது. வள்ளி கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சட்டமாவது திட்டமாவது என்று எழுந்து நின்றேன். "இதோ பாருங்கப்பா, நல்ல கூழு, இந்தப் பொண்ணு காய்ச்சினது. நானே குடிக்கிறேன், பாருங்க" என்று ஒரு சொம்பு மொண்டு எல்லார் எதிரிலும் குடித்தேன். கூட்டத்தில் ரெண்டு பேர் மெல்ல முன்னால் வந்தார்கள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏமாறாத மாமே! படத்துலயும் அவ மொதல்ல குடிச்சுக் காட்டுவா!"

செத்தவர் வந்து உதவினார்

அம்மா விஷம் வைத்ததை ஜனங்களால் ஜீரணிக்க முடியவில்லை. வந்த வேகத்திலேயே படம் பெட்டிக்குள் போய்விட்டது. சிலைக்குச் சூடம் நின்றது. வாசலில் செருப்பைக் கழற்றுவதும் நின்றது. சின்ன முதலாளி வந்து பேட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏகாம்பரத்தின் சிலைக்குக் கீழே தலையில் கைவைத்து நின்றார். மேனேஜர் சார் வள்ளியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து கூழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவரில்லை. சொல்லும்போது தரையைத்தான் பார்த்தார். வள்ளி பானையைத் தேய்க்கப் போனாள். அந்தத் தேங்காய்நார் சத்தம் எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது.

வீட்டில் போய்ச் சொன்னால், "பேரு ஆரோக்கியம், வேலை விஷம் வெக்கிறது" என்று சூசை சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தட்டைக் கழுவப் போனார். மறுநாள் தணிகாசலம் அண்ணன் இரும்பு மாட்டை நிறுத்திவிட்டு நேராகக் குடிசைக்கு வந்தார். சுவரில் தன் போட்டோவிலிருந்து மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். என் பக்கத்தில் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜனங்கள் கூடிவிட்டார்கள். "ஏகாம்பரத்தோட அப்பாடா!" என்று ஒரு சிறுவன் கத்தினான். அண்ணன் அவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "நான் ஏற்கெனவே செத்தவன், எனக்கு வெசம் இன்னா பண்ணும்? ரொம்ப ஊத்து வள்ளி!"

படம் பார்க்காதவர்கள்

அண்ணன் அப்படி நாள் தவறாமல் குடித்துக்கொண்டிருந்தார். "நேத்து குட்ச்சேன், இன்னிக்கும் கீறேன், பாத்துக்கோ" என்று வருகிறவர்களிடம் கையைக் கிள்ளிக் காட்டுவார். சிரித்தார்கள், குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. வள்ளி கடைசிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் செங்கல் சூளைக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று சொன்னாள். நான் ஜெபமாலையை எடுத்தேன். ரெண்டாவது மணிக்குமேல் போகவில்லை, மனசு ஓடவில்லை.

மத்தியானம் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஒரு பஸ் வந்தது. தையல் கம்பெனிப் பெண்கள், வருஷத்துக்கு ஒருநாள் ஊர்சுற்ற வந்தவர்கள். பசியோடு இருந்தார்கள். பொட்டலத்தில் கொண்டுவந்த தயிர்ச்சோறு வெயிலில் கெட்டுப்போயிருந்தது. நேராகக் குடிசைக்கு வந்து, "கூழா? கருவாடு கீதா?" என்றாள் முன்னால் வந்தவள். நான் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்று, "இந்தக் கூழுலதான் படத்துல..." என்று ஆரம்பித்தேன். "எந்தப் படம்? எங்களுக்கு டூட்டி முடிஞ்சி ஊட்டுக்குப் போய் வடிக்கவே நேரம் இல்ல, படம் பாக்கறதாம்!" என்றாள். மண்ணில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். வள்ளி ஊற்றினாள், மறுபடி ஊற்றினாள், வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாள். சிரிப்பும் சத்தமும் கேட்டு மற்ற ஜனங்களும் எட்டிப் பார்த்து, ஒருத்தர் ஒருத்தராக வந்து கையை நீட்டினார்கள். பானையின் அடி தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் குடிசையைப் பூட்டச் சாவியோடு மேனேஜர் சார் வந்தார். தையல் கம்பெனிப் பெண் ஒருத்தி அவர் கையிலும் ஒரு சொம்பைத் திணித்தாள். அவர் படத்தை மூன்று தடவை பார்த்தவர். சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார். வள்ளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "உப்பு கொஞ்சம் கம்மி வள்ளி, நாளைக்குப் பாத்துப் போடு."

மிஞ்சிய கால்கள்

பேட்டையைப் பிரித்தார்கள். சந்தை போனது, கிணற்றை மூடினார்கள், இரும்பு மாடுகள் பழைய சாமான் கடைக்குப் போயின. கொட்டகையிலிருந்து குதிரைகள் வெளியே வந்தன. ஒன்றுக்குக் காது போயிருந்தது, ஒன்றில் குருவி கூடு கட்டியிருந்தது. தணிகாசலம் அண்ணன் அவற்றுக்குத் தன் கையாலேயே பெயிண்ட் அடித்தார். ஏகாம்பரம் சிலையை மட்டும் இடுப்பு வரையில்தான் உடைக்க முடிந்தது, பிறகு முட்டி வரை. உள்ளே அவ்வளவு கம்பி, அவ்வளவு சிமெண்ட். ஆசையோடு கட்டியிருக்கிறார்கள், பாவம். கடைசியில் ரெண்டு பாதமும் கணுக்காலும் அப்படியே நின்றுவிட்டன. சின்ன முதலாளிக்கு மறுபடியும் யோசனை. புதிதாக ஒரு படம் நன்றாக ஓடுகிறதாமே, அதற்கு ஒரு பேட்டை கட்டினால் என்ன என்று கேட்டார். "தாராளமா கட்டுங்க மொதலாளி, காலு ரெடியா கீது, மேல யார வேணா வெச்சுக்கலாம்" என்றார் அண்ணன். சின்ன முதலாளி அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குடிசை மட்டும் நின்றது. எனக்கு வெள்ளைப் புடவை போய் நீலப் புடவை வந்தது, வள்ளிக்குப் பக்கத்திலேயே நின்று கூழ் ஊற்றுகிற வேலை. சூசைக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம், "வெள்ளைதான் உனக்கு எடுப்பா இருந்துச்சு" என்றார். ஏகாம்பரத்தின் பாதங்களின்மேல் உட்கார்ந்து ஜனங்கள் கூழ் குடித்தார்கள். பக்கத்து மரத்து நிழலும் உண்டு, சாய்ந்துகொள்ளக் கணுக்காலும் உண்டு. வருஷங்கள் போயின. ஒருநாள் அப்பாவோடு வந்த பள்ளிக்கூடப் பிள்ளை, பெருவிரலின்மேல் உட்கார்ந்து சொம்பைக் காலி செய்தாள். கீழே குனிந்து பீடத்தில் பாதி அழிந்திருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டாள்: "ஆன்ட்டி, ஏகாம்பரம்னா யாரு, இந்தக் கூழ்க்கடை ஓனரா?"

ஒரே ஒரு படத்துக்காக ஒரு பேட்டையே கட்டலாமா என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் கூழை மட்டும் நன்றாகக் காய்ச்சத் தெரிந்தவளிடம் விடுங்கள் என்பேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பேரப்பிள்ளைகளோடு எந்தப் பார்க்குக்காவது போய், வேஷம் கட்டிக்கொண்டு ஒருத்தர் வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போங்கள்.